தகிட தகிட தக தக

ஒரு செமஸ்டர் படிக்க முனிக் வந்தவனுக்கு நாட்டுப்புற நடன வகுப்பு எதற்கு என்று கேட்காதீர்கள். நோட்டீஸில் 'இலவசம்' என்று போட்டிருந்தது. என் ரூம்மேட் பெர்லின்காரன், அவனும் கூட வந்தான். ஒரு ஜெர்மன்காரன் பக்கத்தில் இருக்கிறானே என்று எனக்குத் தைரியம். பெர்லின்காரனுக்கு, முனிக் இருக்கும் பவேரியா மாநிலத்து நடனம் என்ன தெரியும் என்று யோசித்திருக்கலாம்.

போல்கா, வால்ட்ஸ் இரண்டையும் எப்படியோ ஒப்பேற்றிவிட்டோம். அப்புறம் வந்தது ஸ்வீஃபாகர். இதில் தாளம் நடுநடுவே மாறும். மூன்றடி வால்ட்ஸ் போய்க்கொண்டே இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் இரண்டடிச் சுழலாகிவிடும், மறுபடி வால்ட்ஸ். எங்கே மாறும் என்பது பாட்டுக்குப் பாட்டு வேறு. இதற்கு நடுவில் ஜோடியாகச் சுழன்றுகொண்டே கூடத்தை இடப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். பிறந்ததிலிருந்து பிரகாரத்தை வலம் வந்தே பழகிய கால்கள், இப்படி அப்பிரதட்சிணமாக வர மாட்டேன் என்று அடம்பிடித்தன.

எனக்கு ஜோடியாக அமைந்தது எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. என்ன பிடி! வாஷிங் மெஷினில் போட்ட துணியாக என்னைச் சுழற்றினார். "எண்ணாதே தம்பி, பாடு! பாட்டு தெரிந்தால் கால் தானாக மாறும்" என்றார். பாடலாம்தான். பாட்டு பவேரிய வட்டார வழக்கில் இருந்ததே! பெர்லின்காரனிடம் அர்த்தம் கேட்டேன். "எனக்கு மட்டும் புரிகிறதா?" என்று முழித்தான்.

வேறு வழியில்லாமல் நம்மூர் ஜதிக்குப் போனேன். வால்ட்ஸுக்கு 'தகிட தகிட', சுழலுக்கு 'தக தக'. கால் கேட்டது! பக்கத்தில் தடுமாறிக்கொண்டிருந்த பெர்லின்காரனும் அதைப் பிடித்துக்கொண்டான்.

ஜூலையில் கோஹெர்ல்பால் என்ற நடன விழா. ஆங்கிலத் தோட்டம் என்ற முனிக் பூங்காவில், சீனக் கோபுரத்தடியில், ஞாயிறு காலை ஆறு மணிக்கே ஆட்டம் தொடங்கிவிடும். அந்தக் காலத்தில் சமையற்காரர்களும் வேலைக்காரப் பெண்களும் முதலாளி வீட்டுக்குக் காலைச் சாப்பாடு போடும் முன் வந்து ஆடிவிட்டுப் போவார்களாம். ஒழுக்கக்கேடு என்று 1904-இல் தடை செய்தார்கள். 1989-இல்தான் திரும்ப வந்தது. விடியுமுன்பே மெழுகுவத்தி, ரொட்டி, பீர் சகிதம் மேசை பிடிக்கிறது ஊர். அந்த நேரத்தில் பீர் எப்படி இறங்குகிறதோ!

இரவல் தோல் டிரவுசரில் பெர்லின்காரன் ஆட ஆரம்பித்தான். உச்சக்குரலில் "டக்கிட்டா டக்கிட்டா டக்க டக்க!" ஓர் அடி பிசகவில்லை. இறகு வைத்த தொப்பிப் பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு அவன் தோளைத் தட்டினார்.

"நல்ல பழைய பாட்டு மாதிரி இருக்கே தம்பி. கீழ்ப் பவேரியாவா?"

"ஆமாங்க, காட்டுப் பக்கம்" என்றான் பாவி, கூசாமல்.