உறுமிக்குத் தனி கணக்கு

தைப்பூசம் நெருங்கிவிட்டால் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் ரெக்கார்டிங் ரூமுக்கு உறுமி மேளப் பையன்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். முன்பெல்லாம் போனில் முனகிப் பதிந்த மெட்டோடு வருவார்கள். இப்போது சூனோ என்ற, பாட்டு செய்துதரும் ஏஐயில் செய்த முழுப் பாட்டோடு வருகிறார்கள். "அண்ணே, பாட்டு ரெடி. உறுமி மட்டும் ஏத்தி விடுங்க."

கேட்டால் குரல் சுத்தம், கோரஸ் பிரமாதம், தாளம் மட்டும் சினிமாக் குத்து. உறுமியில் ஒரு பக்கம் அடி, மறுபக்கம் வளைந்த குச்சியால் தேய்ப்பு. அந்தத் தேய்ப்பில்தான் உறுமலே இருக்கிறது. அது வரவேண்டிய இடத்தில் சூனோ ஒரு பேஸ் டிரம்மை வைத்துவிடுகிறது. வேகமும் கடைசிவரை ஒரே சீர். பத்துமலையில் காவடிக்காரருக்கு அருள் வந்தால், உறுமிக்காரன் அவர் காலைப் பார்த்துத்தான் வாசிப்பான். வேகம் ஏறும், சட்டென்று நிற்கும். முடிந்துபோன டிராக்கின்மேல் அதை எங்கே ஏற்றுவது? பல்லவி மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை நேரடியாக வாசித்துப் பதிந்தோம்.

அதற்காக ஏஐயே வேண்டாம் என்பவன் இல்லை நான். 2019-இல் டீசர் (Deezer) என்ற இசை ஸ்ட்ரீமிங் நிறுவனம் இலவசமாக விட்ட ஸ்ப்லீட்டர், அப்புறம் மெட்டாவின் டெமக்ஸ், இவையெல்லாம் வந்த பிறகுதான் பழைய கேசட்டிலிருந்து பாடியவர் குரலைத் தனியே எடுக்க முடிகிறது. குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நாலாகப் பிரிக்கும். உறுமி வந்தால் அதற்கும் குழப்பம்தான்: அடி டிரம்ஸுக்குப் போகும், உறுமல் பேஸுக்குப் போகும். நான் உட்கார்ந்து ஒட்டவைக்க வேண்டும்.

போன மாதம் ஒரு குழுத் தலைவர், காலமாகிவிட்ட தங்கள் பாடகரின் குரலில் புதுப் பாட்டு வேண்டுமென்றார். 'லால் சலாம்' படத்துக்கு, காலமான பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐயில் இப்படிக் கொண்டுவந்தபோது, குடும்பங்களிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் சொன்னார். தங்கள் பாட்டுகளைக் கேட்காமல் எடுத்து ஏஐக்குப் பழக்கியதாக, பெரிய இசைக் கம்பெனிகள் 2024 ஜூனில் சூனோமீதும் அதைப் போன்ற யூடியோமீதும் வழக்கே போட்டன. நம் மேளக்காரர்களுக்காக எந்த வக்கீல் வரப்போகிறார்? "வீட்டில் கேட்டீங்களா?" என்றேன். தலைவர் அங்கேயே பாடகர் வீட்டு அக்காவுக்குப் போன் போட்டார்.

"சாமிப் பாட்டுன்னா சரி தம்பி. கல்யாண டான்ஸுக்குப் போட்டீங்க, நேரா வந்து நிப்பேன்" என்றார் அக்கா. பாடகர் பங்குப் பணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வரச் சொல்லி, வேலையை ஆரம்பித்தேன்.