டெங்கு: காய்ச்சல் விட்ட நாளில்தான் கவனம் வேண்டும்

டெங்குவில் பலரும் ஏமாறுவது காய்ச்சல் விடும் நாளில்தான். மூன்று நாள் 103, 104 என்று கொதித்த உடம்பு நாலாம் நாள் குளிர்ந்ததும், "அப்பாடா" என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் விடாமல் கவனிக்க வேண்டும். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, கறுத்த மலம், கை கால் ஜில்லிடுவது, எழுப்பினாலும் துவண்டு விழுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எல்லோரும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். அதே ரிப்போர்ட்டில் பிசிவி என்று ஒரு வரி இருக்கும், இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது அது, அதையும் பாருங்கள். முதல் நாள் 36 இருந்தது 43, 44 என்று ஏறினால் இரத்தம் கெட்டியாகிறது, நீர் கசிகிறது என்று பொருள். அதனால் முதல் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 இரத்தப் பரிசோதனை காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் நம்பகமானது, அதன்பின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனை.

மாத்திரை பாராசிட்டமால் மட்டும். குழந்தைக்கு ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., வேளைகளுக்கு இடையே ஆறு மணி நேரம். உடம்புவலி என்று ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போட்டால் இரத்தக்கசிவு கூடும். "வலிக்கு ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர்" என்று நாமே கேட்பதுதான் கொடுமை. ஓஆர்எஸ், கஞ்சி, இளநீர் கொடுக்கலாம். பீட்ரூட், மாதுளைச் சாறு வேண்டாம். வாந்தி சிவப்பாக வந்தால் இரத்தமா சாறா என்று தெரியாது.

இனி கொசு. சாக்கடையைக் குறை சொல்லிப் பயனில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டு நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது, பகலில் கடிக்கிறது. முட்டையைத் தண்ணீருக்குள் இடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அப்படியே நிரப்புகிறவர்களுக்கு ஒரே வாரத்தில் புழு நெளிவது இதனால்தான். வாரம் ஒருமுறை தென்னை நார் பிரஷ்ஷால் உட்சுவரை, முக்கியமாக மேல் விளிம்பை, அழுத்தித் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, துணியால் இறுக்கி மூடுங்கள். ஃபிரிட்ஜின் பின்னால் அடியிலிருக்கும் தட்டு, முற்றத்து ஆட்டுக்கல் குழி, மாடியில் கிடக்கும் டயர் ஆகியவற்றை மறப்பவர்கள்தான் அதிகம். காலி செய்ய முடியாத தொட்டிக்குக் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்துக் குருணை, 1 சதவீத வகை என்றால், 10 லிட்டருக்கு 1 கிராம். புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், புழுவையும் முட்டையையும் தொடாது.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஐந்து நாளாவது பகலிலும் அவரைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசு பத்து நாள் கழித்து அடுத்த அறையில் இருப்பவரைக் கடித்து டெங்குவைக் கொடுத்துவிடும்.