மச்சத் துணி, மரக்கறித் துணி

ஒக்டோபர் 9, 2024 – புதன்

அம்மா ஊரிலிருந்து, யாழ்ப்பாணத்துக் கரவெட்டியிலிருந்து, விடியற்காலை பஸ்ஸில் வந்து கொழும்பு வெள்ளவத்தையில் இறங்கினார். வலது கண்ணில் வெண்புரை முற்றிவிட்டது. 21ஆம் திகதி சத்திரசிகிச்சை. ஒரு பையில் உடுப்பு, மற்றொரு பையில் மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, முருங்கைக்காய். களைப்பாறச் சொன்னேன், கேட்கவில்லை. கால் கழுவிவிட்டு நேரே குசினிக்குள் போனார். குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியில் தொங்கிய துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அது கை துடைப்பதற்கென்று மட்டும் நான் வைத்திருந்த துவாய். மாலையில் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன்: பிட்டுப் பானையை இறக்கியது அதுதான், மேசையைத் துடைத்தது அதுதான், கோப்பைகளின் ஈரத்தை ஒற்றியதும் அதுதான். அம்மா அதனாலேயே கழுத்து வியர்வையையும் துடைத்துக்கொண்டிருந்தார். வந்த முதல் நாளே குறை சொல்ல மனம் வரவில்லை. இரவு அதைத் தோய்த்துப் பல்கனியில் போட்டேன்.

ஒக்டோபர் 13 – ஞாயிறு

மழை விட்டபாடில்லை. களனி கங்கை பெருகி, கடுவெல, கொலன்னாவைப் பக்கம் வெள்ளம் என்று செய்தி. அங்கே உள்ளவர்களை நினைத்தால் எங்கள் வீட்டுக் கவலை சிறியதுதான். ஆனாலும் இந்த ஈரம் ஆளை வதைக்கிறது. புதன் இரவு தோய்த்த துவாய் இன்னும் காயவில்லை. கனடாவிலிருந்து அண்ணி அனுப்பிய தடித்த துவாய்கள் அவை, மொத்தம் ஆறு. எவ்வளவு பிழிந்தாலும் உள்ளே நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. பல்கனிக்கு நேரே அடுத்த கட்டடத்தின் சுவர். வெயில் அடிக்கும் நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயில் இல்லை. மொட்டைமாடிக் கதவைக் குடியிருப்பாளர் குழு பூட்டி வைத்திருக்கிறது. கொடி கட்டினால் கட்டடத்தின் தோற்றம் கெட்டுவிடும் என்பது அவர்களுடைய முடிவு. இருபத்திரண்டு வீடுகளில் துணி காயாமல் நாறுவதைவிடத் தோற்றமா பெரிது? கூட்டத்தில் இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

இன்றைய சண்டை மீனால் வந்தது. என் கணவர் சந்தையிலிருந்து விளைமீன் வாங்கி வந்தார். அம்மா நிலத்தில் பலகை வைத்து அழகாக வெட்டினார். வெட்டி முடித்து, கையைத் தண்ணீரில் அலம்பி, தோள் துவாயில் துடைத்தார். அதே துவாயால் சாப்பாட்டுப் பீங்கான்களைத் துடைத்து அடுக்கத் தொடங்கினார்.

மகள் பார்த்துவிட்டாள். "அம்மம்மா, பச்சை மீன் பட்ட துணியால் பீங்கான் துடைக்கக் கூடாது."

"அறுபது வருடமாக இப்படித்தான் சமைக்கிறேன். என் கையால் சாப்பிட்டு யாருக்கு வயிற்றுக்குத்து வந்தது?"

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள் மகள். ஈரமும் வெதுவெதுப்பும் உணவுத் துணுக்கும் சேர்ந்தால் சில பற்றீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும் என்று தொடங்கினாள். அவள் சொன்னது முழுவதும் சரி. சொன்ன விதம் பரீட்சை விடை போல இருந்தது. நான் நடுவில் புகுந்து, "அம்மா, இது ஊர் இல்லை, இங்கே கொஞ்சம் சுத்தமாக இருங்கள்" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. என் அம்மாவை, கிணற்றடியில் வாளியைக்கூடச் சாம்பல் போட்டு மினுக்குகிறவரை, சுத்தம் இல்லாதவர் என்று சொல்லிவிட்டேன். துவாயை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். மூன்று மணிக்குத்தான் சாப்பிட வந்தார்.

ஒக்டோபர் 15 – செவ்வாய்

இன்று உலகக் கைகழுவும் தினம், 2008 முதல் கடைப்பிடிக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். சவர்க்காரம் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவிய கையை ஊறிய துணியில் துடைத்தால் கழுவியதற்கு என்ன பயன் என்பது அவளுடைய கேள்வி. மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். ஒரு மாதம் பாவித்த 100 குசினித் துவாய்களைச் சோதித்தபோது 49இல் பற்றீரியா வளர்ந்ததாம். பல வேலைக்கும் ஒரே துவாயைப் பாவித்த வீடுகளில் கூடுதல், ஈரமாகவே வைத்திருந்த துவாய்களில் கூடுதல், ஆட்கள் நிறைந்த வீடுகளில் கூடுதல்.

அவள் வாசித்துக் காட்டியபோது இவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் என்ன? சாப்பாட்டு மேசையைத் துடைத்த துணியால் அடுப்பைத் துடைத்து, அடுப்பைத் துடைத்த துணியால் கழுவும் தொட்டியின் விளிம்பைத் துடைத்து, கடைசியில் அதைப் பிழியாமல் குழாயின் கழுத்தில் சுருட்டி வைப்பவர் அவர். மகளோ கடதாசிச் சுருளில் கை வைத்தால் பாதியைக் காலி செய்துவிடுவாள். அதன் விலையைச் சொல்லி அவர் அவளை ஏச, அவள் அவருடைய துணியைச் சொல்லி ஏச, வீட்டில் சமாதானம் இல்லை. எல்லாத் துணியையும் தோய்ப்பது நான்.

அம்மா எதுவும் பேசவில்லை. தோளில் துவாய் இருந்தது.

ஒக்டோபர் 18 – வெள்ளி

ஐப்பசி முதல் வெள்ளி. வீட்டில் மரக்கறி. காலையில் அம்மா என் சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது மச்சச் சட்டியா, மரக்கறிச் சட்டியா?" மச்சம் என்றால் மீன், இறைச்சி. "இந்த அகப்பை மீன் குழம்பில் பட்டதா?" பட்டது என்று நான் சொன்னதைத் தனியே ஒதுக்கி, மீதியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி எடுத்தார். கரவெட்டி வீட்டில் மச்சச் சட்டிக்கென்று தனித் தட்டு உண்டு. மரக்கறிச் சட்டி அந்தப் பக்கம் போகாது, சிறுவயதில் நான் மாற்றி வைத்து அடி வாங்கியிருக்கிறேன்.

மகள் மெதுவாகத்தான் கேட்டாள்: "அம்மம்மா, சட்டிக்கு மச்சம், மரக்கறி என்று பார்க்கிறீர்கள். துணிக்குப் பார்க்க மாட்டீர்களா?"

"துணியில் சமைக்கிறோமா பிள்ளை?" என்று அம்மா கத்தரிக்காய் வெட்டத் தொடங்கிவிட்டார். ஆனால் துவாயைத் தோளிலிருந்து எடுத்துக் கதிரையில் போட்டதை நான் கவனித்தேன்.

ஒக்டோபர் 22 – செவ்வாய்

சத்திரசிகிச்சை நேற்று நல்லபடியாக முடிந்தது, மாலையே வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்று கட்டை அவிழ்த்துச் சோதித்தார்கள். நாளுக்கு நான்கு வேளை சொட்டு மருந்து, நான்கு கிழமைக்கு. கண்ணில் குழாய்த் தண்ணீர் படக் கூடாது, கசக்கக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது, அடுப்புப் புகையில் நிற்கக் கூடாது. மருந்து விடுமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கண் சிவந்து நொந்தாலோ பார்வை மங்கினாலோ நாள் பார்க்காமல் உடனே வர வேண்டும். தாதி இதை மூன்று தடவை சொன்னார்.

ஒக்டோபர் 23 – புதன்

எழுதாமல் படுக்க முடியவில்லை.

இரவு எட்டு மணி மருந்து. அம்மா கதிரையில் தலையைச் சாய்த்துத் தயாராக இருந்தார். நான் கழுவும் தொட்டியில் நகக்கண் வரை தேய்த்துக் கழுவினேன். இருபது வரை எண்ணினேன். பிறகு கை தானாகப் போய்க் குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியில் தொங்கிய துவாயைப் பிடித்தது. இரண்டு கையையும் நன்றாகத் துடைத்தேன். மருந்துக் குப்பியின் மூடியைத் திறந்து, இடது கை விரலால் அம்மாவின் கீழ் இமையை இழுக்கப் போனேன். என் விரல் அவருடைய மூக்கை நெருங்கியது.

"மீன் மணக்கிறது பிள்ளை" என்றார் அம்மா.

விரலை என் மூக்கில் வைத்துப் பார்த்தேன். சவர்க்கார வாசத்துக்கு மேலே, புளித்த ஈரத் துணியின் நாற்றம், அதற்குள் மத்தியானம் இவர் அலசிய சூடை மீன். வெட்டிய கண்ணுக்கு முன்னால், இரண்டு அங்குலத்தில், அந்த விரல். துவாயை அங்கே தொங்கவிட்டவள் நான். வேலைக்குப் போகும் அவசரத்தில் மாற்றாமல் விட்டவளும் நான். பத்து நாளாக அம்மாவுக்குப் பாடம் சொன்ன வீட்டில் கையைத் துடைக்க ஒரு சுத்தமான துணி இல்லை.

மறுபடி கழுவினேன். கையை உதறிக் காற்றில் காயவிட்டேன். ஈரக் கையில் கிருமி எளிதில் ஒட்டும், மாறும் என்று மகள் சொல்லியிருக்கிறாள், அதனால் முழுதாகக் காயும் வரை நின்றேன். அம்மா அத்தனை நேரமும் தலையைச் சாய்த்தபடி பொறுமையாக இருந்தார். மருந்து விட்ட பிறகு என் கை நடுங்குவதைப் பார்த்து, "ஒன்றும் ஆகாது" என்று பிடித்துக்கொண்டார்.

ஒக்டோபர் 27 – ஞாயிறு

கண் சிவக்கவில்லை, நோவும் இல்லை. நிம்மதி.

புரை உள்ள கண்ணுக்கு எல்லாம் பழுப்பு மஞ்சளாகத்தான் தெரியும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அந்தக் கண் இப்போது வெளித்துவிட்டது. காலையில் அம்மா சுவரைப் பார்த்து, "இது வெள்ளைச் சுவரா? நான் சந்தன நிறம் என்றல்லவா நினைத்தேன்" என்றார். ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால், பிறகு மாற்றி மாற்றிப் பார்த்தார். சாமிப்படத்துக் குங்குமம், என் பச்சைச் சேலை, மகளின் பல் எல்லாவற்றையும் பார்த்தார். குசினிக்கு வந்தவர் துவாயைக் கையில் எடுத்தார்.

அதன் நடுவில் மஞ்சள் கறை. ஓரங்களில் கறுப்புப் புள்ளி, காயாத துணியில் பூக்கும் பூஞ்சணம். தைத்த விளிம்பு முழுவதும் சாம்பல் நிறம். அம்மா அதை முன்னும் பின்னும் திருப்பினார். முன்பு ஒரு நாளும் அது அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இதனாலா நான் உங்களுக்குப் பீங்கான் துடைத்தேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஊரில் அவர் செய்ததும் இதேதான். ஆனால் அங்கே குசினிக் கதவைத் திறந்தால் முற்றம். முருங்கைக்கும் வேலிக்கும் இடையில் கொடி. பத்து மணிக்கு அலசிப் போட்ட துணி சோறு வடிப்பதற்குள் அப்பளம் போலக் காய்ந்திருக்கும். கார்த்திகை மழை வரும் வரை அங்கே ஒரு துணி நாளுக்கு மூன்று தடவை வெயிலைப் பார்க்கும். இங்கே காற்றின் ஈரப்பதன் இந்த மாதத்தில் 80 வீதத்தை ஒட்டி நிற்கிறது, துணி மூன்று நாளைக்கு ஈரமாகவே இருக்கிறது. அம்மாவின் வழக்கம் மாறவில்லை, வெயில்தான் இல்லாமல் போனது. இதை அன்று சொல்லத் தெரியாமல் "சுத்தமாக இருங்கள்" என்று சொன்னேனே என்பதுதான் நெஞ்சில் நிற்கிறது. இன்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

நவம்பர் 1 – வெள்ளி

நாளை கந்தசஷ்டி தொடக்கம். வீடு கழுவும் நாள். அம்மா குனியக் கூடாது என்பதால் கதிரையில் இருந்தபடி எல்லோரையும் வேலை வாங்கினார்.

அப்பாவின் பழைய நூல் வேட்டி ஒன்று என்னிடம் இருந்தது. அதை வெட்டச் சொன்னவர் அம்மாதான். பதினாறு துண்டு வந்தது. "மச்சத்துக்குச் சிவப்பு நூல் போடு, மரக்கறிக்கு வெறும் வெள்ளை. கை துடைப்பதற்கு நீலம்." மகள் ஓரம் அடித்தாள், அம்மா ஊசி போகும் இடத்தை விரலால் காட்டினார். எவர் எவ்வளவு சொல்லியும் நடக்காதது, சட்டிக்கு உள்ள சட்டம் துணிக்கும் என்று அவரே முடிவெடுத்தபோது ஒரே மாலையில் நடந்துவிட்டது. வியர்வைக்குத் தனியாக ஒரு லேஞ்சி. தோலிலும் மூக்கிலும் இருக்கும் ஒரு வகைப் பற்றீரியா உணவில் நஞ்சு வைத்தால் பிறகு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது என்று மகள் சொன்னதை அம்மா இந்த முறை முழுதாகக் கேட்டார்.

பழைய துணிகளை அலுமினியப் பானையில் போட்டுப் பத்து நிமிடம் அவித்தோம். தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. தடித்த துவாய்கள் குளியலறைக்குப் போய்விட்டன. வேட்டித் துண்டு மின்விசிறிக்குக் கீழே இரண்டு மணி நேரத்தில் காய்கிறது, நேரம் பார்த்தே எழுதுகிறேன்.

நவம்பர் 9 – சனி

நேற்றுக் காலை பாரணையோடு விரதம் முடிந்தது. அம்மாவைச் சன நெரிசல் இல்லாத நேரம் பார்த்துப் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குக் கூட்டிப் போய் வந்தோம். இன்று மீன். இவர் பாரை வாங்கி வந்து, அம்மா சொல்லுமுன்பே சிவப்பு நூல் துணியை எடுத்து வைத்தார். பிறகு வேலை முடிந்ததும் அதைச் சுருட்டிக் குழாயின் கழுத்தில் வைத்துவிட்டுப் போனார். அம்மா எடுத்து, பிழிந்து, உதறி விரித்துப் போட்டார். நான் இவரிடம் சண்டைக்குப் போனேன். அம்மா விடவில்லை. மாப்பிள்ளைக்கு எடுத்து வைக்கத் தெரிந்துவிட்டது, விரிக்கவும் வரும் என்கிறார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, நாளைக்கும் சொல்லத்தான் போகிறேன்.

குடியிருப்பாளர் குழுத் தலைவர் மாலை படியில் எதிர்ப்பட்டார். அம்மாவின் கண்ணைப் பற்றி விசாரித்தார். துணியைப் பற்றி அம்மாவே அவரிடம் பேசினார், சிங்களம் பாதி தமிழ் பாதியாக. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மொட்டைமாடியைத் திறந்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

நாளை ஞாயிறு. திறப்பு காவலாளியிடம். கயிறும் கிளிப்பும் வாங்கியாகிவிட்டது. மழை வராமல் இருக்க வேண்டும்.