கையெழுத்துக் கோட்டில் நின்றுபோன ஐந்து மாதம்

மனிதர்களிடம் ஆய்வு செய்ய முன்அனுமதி தரும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் (ஐ.ஆர்.பி.) ஏப்ரலில் விண்ணப்பம் போட்டேன், போன வெள்ளிக்கிழமைதான் அனுமதி முழுசாகக் கைக்கு வந்தது. அமெரிக்காவில் வாழும் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வழி மக்களின் மனநலம் பற்றி யாராவது ஆய்வில் இறங்கப் போகிறீர்கள் என்றால், நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம்.

ஆய்வு பெரிய விஷயமில்லை. கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோவைச் சுற்றித் திராட்சைத் தோட்ட வேலை செய்யும் மெக்சிகோக் குடும்பங்களிடம் மனச்சோர்வு பற்றிக் கேட்பது. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வி கொண்ட பி.எச்.க்யூ-9 வினாத்தாள், அப்புறம் அரை மணி நேரப் பேச்சு. நெறிமுறைப் பயிற்சி, வழிகாட்டியின் ஒப்பம் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. வினாத்தாளின் ஸ்பானிய வடிவம் இலவசமாகவே கிடைக்கிறது.

முதல் அடி ஒப்புதல் படிவத்தில். தோழி ஸ்பானிய மொழியில் எழுதித் தந்ததை ஏற்றினேன். மூன்று வாரம் சத்தமே இல்லை. நேரில் போய்க் கேட்டால், "மொழிபெயர்ப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் வரிசையிலேயே சேர்க்கவில்லை" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். ஒரு வரி மின்னஞ்சல் போட்டிருக்கலாமே என்றேன். "இணையதளத்தில் இருக்கிறது" என்று திரையைப் பார்த்தபடியே சொன்னார். இருந்தது. ஒரு பி.டி.எஃப்.பின் பதினேழாம் பக்கத்தில்.

சரி என்று காசு கொடுத்துச் சான்றிதழோடு வாங்கினேன். அதை ப்ரொமோதோராவிடம் காட்டினேன். அந்த ஊரிலேயே வாழ்ந்துகொண்டு வீடு வீடாகப் போய் உடல்நலம் பேசும் பெண்மணி. அவர் இல்லாமல் அங்கே ஒரு கதவும் திறக்காது. படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார். அறுபது வயதுக்காரரைக்கூடப் படிவம் 'தூ' என்று, அதாவது 'நீ' என்று கூப்பிட்டிருந்தது. எல்லாவற்றையும் அடித்து 'உஸ்தெத்', அதாவது 'நீங்கள்' ஆக்கினார். 'மனநலக் கோளாறு' என்று வந்த இடத்தில் இரண்டு கோடு. "மிஹா, இதைப் படித்தால் எங்களைப் பைத்தியம் என்கிறாய் என்று நினைப்பார்கள். நெர்வியோஸ் என்று கேள், மணிக்கணக்கில் பேசுவார்கள்." மிஹா என்றால் மகளே. நெர்வியோஸ் என்றால் நரம்புகள். ஆனால் படபடப்பு, அழுகை, தூக்கமின்மை எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டிலேயே 'அத்தாகே தெ நெர்வியோஸ்' (நெர்வியோஸ் தாக்குதல்) இடம் பிடித்திருக்கிறது. எங்கள் படிவத்தில் இடம் பிடிக்க இன்னொரு சமர்ப்பிப்பு, இன்னொரு சான்றிதழ், இன்னும் ஐந்து வாரம்.

குழு கேட்டதெல்லாம் வெட்டிக் கேள்வி என்று சொல்ல மாட்டேன். வினாத்தாளின் ஒன்பதாம் கேள்வி சாவு பற்றிய எண்ணம் வருகிறதா என்பது. ஒருவர் ஆமாம் என்றால் அந்த நிமிடம் என்ன செய்வீர்கள் என்றார்கள். என்னிடம் பதில் இல்லை, வெட்கமாகப் போய்விட்டது. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் ஸ்பானிய மொழியில் பேச ஆள் உண்டு என்பதை அப்புறம்தான் எழுதிச் சேர்த்தேன். பிறந்த நாடு எதற்கு என்றும் கேட்டார்கள். இதே ஃபிரெஸ்னோ வட்டாரத்தில் வில்லியம் வேகா குழு செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டினேன். மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்களில் வாழ்நாளில் எப்போதாவது மனநலக் கோளாறோ போதைச் சிக்கலோ கண்டவர்கள் சுமார் 25 சதவீதம். அமெரிக்காவிலேயே பிறந்த மெக்சிகோ வழியினரில் 48. பிறந்த இடத்தைக் கேட்காவிட்டால் இது எப்படித் தெரியும்? ஒப்புக்கொண்டார்கள். குடியேற்ற நிலை பற்றிய கேள்வியை நானே எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் அனுமதி. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் மேசை போட்டோம். கொடி வரிசைகளுக்கு நடுவே காகிதம் விரித்துத் திராட்சை காயப் போடும் பருவம். கிடைத்த ஒரே ஓய்வு நாளில் 11 பேர் வந்து உட்கார்ந்தார்கள். கையெழுத்துக் கோடு வந்ததும் ஓர் அம்மா பேனாவை மூடினார், படிவத்தின் மேல் குறுக்காக வைத்தார். "பெயர் எதற்கு?" குடியேற்றத் துறைக்குப் போகாது என்று சொல்லச் சொல்லத்தான் சந்தேகம் கூடியது. கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

கொடுமை என்னவென்றால், இதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கான அமெரிக்கக் கூட்டாட்சி விதி, 45 சி.எஃப்.ஆர். 46.117(சி). ஆளை ஆய்வோடு சேர்த்துக் காட்டும் ஒரே தடயம் அந்தக் கையெழுத்துதான், அது வெளியே போவதுதான் முக்கிய ஆபத்து என்றால், கையெழுத்தில்லாமல் வாய்மொழி ஒப்புதலுக்கு அனுமதி தரலாம். மனுப் போட்ட ஆறாம் நாள் கிடைத்துவிட்டது! ஐந்து மாதத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை, என் வழிகாட்டி உட்பட. முதல் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். என்.ஐ.எச். (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம்) நிதி இல்லாத ஆய்வு என்றால், பங்கேற்பவர் யார் என்று வெளியார் கேட்டாலும் மறுக்க உதவும் ரகசியக் காப்புச் சான்று தானாக வராது, அதையும் தனியாகக் கேளுங்கள். மொழிபெயர்ப்புக்குக் காசை இறைக்கும் முன் ஒரு ப்ரொமோதோராவிடம் காட்டுங்கள்.

நேற்று மறுபடி போனேன். மேசையில் பேனாவே வைக்கவில்லை. அன்றைக்குப் பேனாவை மூடிய அதே அம்மா வந்து உட்கார்ந்தார். படிவத்தில் அரை மணி நேரம் என்று போட்டிருக்கிறோம். ஒன்றேகால் மணி நேரம் பேசினார். அதற்கும் ஒரு திருத்த மனு போட வேண்டும்.