அப்பாவின் பெயர் இருந்த பதிவேடு

ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் மாமன் வீட்டில் பேச்சு எடுத்துவிடுவார்கள். எனக்குப் பதினொன்றாம் வகுப்பில் எடுத்தார்கள். அப்போதுதான் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியின் எச்.எம். டீச்சர் என் சாதிச் சான்றிதழுக்காக அலைந்துகொண்டிருந்தார்.

பழங்குடிச் சான்றிதழை மற்றவர்களுக்குப் போலத் தாசில்தார் தரமாட்டார், கோட்டாட்சியர்தான் தரவேண்டும். இ-சேவையில் பதிந்தால் முதலில் கேட்பது அப்பாவின் சான்றிதழ். அப்பாவுக்கு அப்படி ஒன்று கிடையாது. முதல் மனு தள்ளுபடி. இரண்டாவதும் அப்படியே. போளூருக்கு மலையிறங்கி ஏறுவதற்கே ஒரு நாள் கூலி போய்விடும். 'எதுக்கு இந்தக் காகிதம், கட்டிக்கொடுத்தா முடிஞ்சது' என்று அப்பா கையை உதறிவிட்டார்.

டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பதினெட்டு வயது, சட்டம், குழந்தைகள் உதவி எண் 1098 என்று ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டு, "அண்ணே, நீங்க நம்ம பள்ளிக்கூடத்துல படிச்சீங்களா?" என்றார். அப்பா இல்லை என்றார். பாட்டிதான் உள்ளேயிருந்து, "மூணாப்பு வரைக்கும் போனானே" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளியின் ஸ்டோர் ரூமில் பழைய டிரங்குப் பெட்டிகளை இறக்கினோம். எலி கடித்த சேர்க்கைப் பதிவேடுகள், தொட்டால் உதிரும் ஓரங்கள். இரண்டாம் நாள் மாலை அப்பாவின் பெயர் கிடைத்தது. சாதிக் கட்டத்தில் 'மலையாளி', எங்கள் பழங்குடியின் பெயர். கடைசிக் கட்டத்தில், நீங்கிய காரணம்: 'தொடர்ந்து வரவில்லை'.

டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு அந்த வரியைப் படித்துக் காட்டினார். அப்பா விரலால் மையைத் தடவிப் பார்த்தார். "அண்ணே, உங்க பொண்ணு பேருக்கு நேரா இந்தக் கட்டத்துல நான் என்ன எழுதட்டும்?" அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் போய்ப் பிளஸ் டூ முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

பதிவேட்டின் நகலை வைத்து மூன்றாவது மனு. நாங்கள் பழங்குடிதானா என்று விசாரிக்க வந்தவர் கும்பிடுவது என்ன சாமி, கல்யாணத்தில் பரிசம் எவ்வளவு என்றெல்லாம் கேட்டார். மகள் படிக்கவேண்டும் என்று மனு போட்டவரிடம் பரிசம் கேட்டது எனக்கு இன்னும் சிரிப்புதான். நான்கு மாதம் கழித்து சான்றிதழ் வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். 2021 சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும், அதில் எங்கள் பள்ளியும் சேர்த்தி. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வந்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். எனக்கு அதற்கே இரண்டு மாதம் போனது.

சீட் கிடைத்ததும் டி.சி. வாங்க அப்பாவும் வந்தார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது காகிதத்தை நீட்டி, "அந்தக் கடைசிக் கட்டத்துல என்ன போட்டிருக்கு, படி" என்றார்.