ட்வைனில் ஒரு கிளைக்கதை: வின்சன் பிழைத்த அமெரிக்கா

ட்வைன் என்பது வாசகர் இணைப்புகளைத் தேர்ந்து படிக்கும் கிளைக்கதைகளை உருவாக்கும் மென்பொருள். அதில் நான் எழுதிவருவது ஒரு மாற்று வரலாற்றுக் கதை. மாற்று வரலாற்றில் ஒரே ஒரு முடிச்சைத்தான் மாற்ற வேண்டும். இந்தக் கதையில் அது அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஃபிரெட் வின்சனின் மரணம். அவர் 1953 செப்டம்பரில் மாரடைப்பில் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஏர்ல் வாரன் 1954 மே 17 அன்று ஒருமித்த தீர்ப்பு வழங்கி, அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்றார். கதையில் வின்சன் பிழைத்துக்கொள்கிறார். இனப் பிரிவினையைச் சட்டப்படி அனுமதித்த, 1896 முதல் இருந்த 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற கோட்பாடு அப்படியே தொடர்கிறது. மற்ற சட்டம், தண்டனை எல்லாம் நடந்தவையே. இரண்டு மூன்று விஷயங்களை மாற்றினால், எது உண்மைக் கொடுமை, எது கற்பனை என்று வாசகருக்குப் பிடிபடாது.

களம் வர்ஜீனியாவின் ஃபார்ம்வில், 1959. தார்த்தாள் போர்த்திய கொட்டகை வகுப்புகளை எதிர்த்து, 16 வயது பார்பரா ஜான்ஸ் 1951-ல் கறுப்பின மாணவர்களைத் திரட்டி வெளிநடப்பு செய்த ஊர் அது. கதைநாயகிக்கும் 16 வயது, அதே பள்ளிதான்.

இப்போது 38 பாசேஜ்கள் (இணைப்புகளால் கோர்த்த கதைத் துண்டுகள்) தயார். நடுநாயகமானது பாட்டியின் பெட்டியில் கிடைக்கும், 1915-ல் பிறந்த பெரியம்மாவின் பிறப்புச் சான்றிதழ் நகல். முன்பக்கத்தில் பெயர், கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பிரிவு), நிறம்: வெள்ளை. அந்த பாசேஜில் 'திருப்பிப் பார்' என்ற ஒரே இணைப்புதான். பின்பக்கத்தில், இனம் தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று எச்சரிக்கும் அச்சடித்த சீட்டு. இது கற்பனை அல்ல. வெள்ளையர் மற்ற இனத்தவரை மணப்பதைத் தடுத்த வர்ஜீனியாவின் 1924 இனத்தூய்மைச் சட்டத்தின் பெயரில், மாநிலப் பதிவாளர் வால்ட்டர் பிளெக்கர் இப்படித்தான் சான்றிதழ்களின் முதுகில் ஒட்டவைத்தார். ரத்தம் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. 1943-ல் அவர் அனுப்பிய சுற்றறிக்கையில் இருந்தது, கலப்பினம் என்று அவர் சந்தேகித்தவர்களின் கவுன்ட்டிவாரியான குடும்பப் பெயர்ப் பட்டியல், அவ்வளவுதான்.

ஆகவே வரிசை முக்கியம். பெரியம்மாவைச் சந்திக்கும் காட்சி முதலில் வந்தால், வெள்ளைக்காரியாக வாழும் அவர்தான் ஏமாற்றுக்காரி என்று வாசகர் முடிவுகட்டிவிடுகிறார். அரசு பின்னணிக்குப் போய்விடுகிறது. பட்டியலை முன்னால் வைத்ததும் பழி உரிய இடத்துக்குப் போகிறது. பட்டியலைப் படித்தாயிற்றா என்று ட்வைனின் ஒரு மாறியில் (variable) குறித்துக்கொண்டு, படித்த பிறகே பெரியம்மாவைப் பார்க்கப் போகும் ரிச்மண்ட் பேருந்துக்கான இணைப்பைத் திறக்க வேண்டும். ஊரில் நடந்த சாவுக்குக்கூட வராத பெரியம்மாவின் மௌனம் அப்போதுதான் புரிகிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சிக்கல்: 'ொ' ஒரே எழுத்தாகவும் பதிவாகும், 'ெ' 'ா' என இரண்டாகவும் பதிவாகும். திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ட்வைனுக்கு அவை வேறு பெயர்கள். இணைப்பு சேராமல் வெற்று பாசேஜ் ஒன்று முளைக்கும். பாசேஜ் பெயர்களைத் தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டுவதே வழி.

பாக்கியிருப்பது சீட்டை என்ன செய்வது என்ற மூன்று கிளைகள். கிழித்தால் பயனில்லை, மூலச் சான்றிதழ் ரிச்மண்டில் இருக்கிறது. வெளியே காட்டினால் பெரியம்மாவின் திருமணமே குற்றமாகிவிடும். அவர் கணவர் வெள்ளையர். அதே 1959 ஜனவரியில்தான், இனம் கடந்து மணந்ததற்காக லவிங் தம்பதிக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்து, 25 ஆண்டுகள் மாநிலத்தை விட்டு வெளியேறினால் அது நிறுத்திவைக்கப்படும் என்றார் நீதிபதி. மூன்றாவது கிளையில் அவள் அந்தப் பட்டியலைக் கையால் நகலெடுத்து, அதில் பெயர் உள்ள வீடுகளுக்குக் கொண்டுபோகிறாள். அதைத்தான் அடுத்து எழுத வேண்டும்.