நடந்த ஸ்டெப் எங்கே போச்சு? காசு தரும் ஆப்களின் கணக்கு

நடந்தால் காயின் தரும் ஆப்பை இறக்கிய முதல் வாரத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஆறு கிலோமீட்டர் நடந்தேன், ஆப் மூவாயிரம் ஸ்டெப்தான் காட்டுது, மீதி எங்கே?" ஆறு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய எட்டாயிரம் ஸ்டெப் வர வேண்டும். பாதிக்கு மேல் காணோம் என்றால் ஆப்பைத் திட்டுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். போன் எண்ணவே இல்லையா, போன் எண்ணியதை ஆப் எடுத்துக்கொள்ளவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

கண்டுபிடிப்பது சுலபம். ஐபோனில் ஹெல்த் ஆப், சாம்சங்கில் சாம்சங் ஹெல்த் என்று போனோடு வருகிற கணக்கைத் திறந்து, அதே நாளின் எண்ணிக்கையைக் காயின் ஆப் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். அங்கே எட்டாயிரம், இங்கே மூவாயிரம் என்றால் கோளாறு அனுமதியிலோ பேட்டரி செட்டிங்கிலோ இருக்கிறது. இரண்டிலும் மூவாயிரம் என்றால் போனை நீங்கள் வைத்திருந்த இடமோ, நடந்த விதமோதான் காரணம்.

முதலில் போன் எப்படி எண்ணுகிறது என்று பார்த்துவிடலாம். உள்ளே இருக்கும் ஆக்சிலரோமீட்டர் குலுங்கலை அளக்கிறது. மனித நடையில் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு குலுக்கல் சீராக வரும். அந்தச் சீரைக் கண்டால்தான் சென்சார் "இது நடை" என்று ஒத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு ஆட்டத்தை எல்லாம் ஸ்டெப்பாக எடுத்துக்கொண்டால் போனைக் கையில் எடுப்பதும் மேசையில் வைப்பதும்கூட நடையாகிவிடும். அதனால் தொடர்ந்து சில அடிகள் விழும்வரை அது பொறுத்துப் பார்க்கும். அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே நாலு எட்டு, திரும்ப நாலு எட்டு என்று நாள் முழுக்க நடக்கிறவர்களின் உழைப்பு கணக்கில் வராமல் போவது இதனால்தான். கால் ஓயாமல் வேலை செய்தாலும் சென்சாருக்கு அது துண்டு துண்டான அசைவு. வயதானவர்களின் மெதுவான, காலை இழுத்து வைக்கும் நடையிலும் இதே போல எண்ணிக்கை குறையும்.

போன் இருக்கும் இடமும் முக்கியம். பேன்ட் முன்பாக்கெட் மிகச் சரியான இடம், தொடையோடு சேர்ந்து ஆடும். வேட்டி கட்டுகிறவர்களுக்குச் சட்டைப் பை பரவாயில்லை. தோளில் தொங்கும் கைப்பைக்குள் பர்ஸ், தண்ணீர் பாட்டிலோடு போன் கிடந்தால் குலுக்கல் மழுங்கிவிடும். பையின் உள்பக்கச் சின்ன ஜிப்பில் இறுக்கமாக வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். ஸ்டெப் எண்ணும் ஸ்மார்ட் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறவர்களுக்கு வேறு சிக்கல். கடிகாரம் கை வீச்சை நம்பி எண்ணுகிறது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு, கடையில் டிராலியைப் பிடித்துக்கொண்டு, டிரெட்மில் கம்பியைப் பற்றிக்கொண்டு நடந்தால் கை அசையாது, ஸ்டெப்பும் ஏறாது. அந்த மாதிரி நேரத்தில் பாக்கெட்டில் இருக்கும் போனின் கணக்கே மேல். இதற்கு நேர் எதிராக, குண்டும் குழியுமான சாலையில் டூவீலர் ஓட்டினால் சும்மாவே நூறு இருநூறு ஸ்டெப் சேரும். மாநகராட்சி தரும் போனஸ் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். போனை வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்து, வாயால் எண்ணிக்கொண்டு நூறு ஸ்டெப் நடந்து நில்லுங்கள். உடனே திரையைப் பார்க்காதீர்கள். ஆண்ட்ராய்டின் ஸ்டெப் கவுன்டர் துல்லியத்துக்காகப் பத்து நொடி வரை தாமதமாகத்தான் எண்ணைச் சொல்லும். அரை நிமிடம் விட்டுப் பாருங்கள். மூன்று முறை செய்து 95க்கும் 105க்கும் நடுவே வந்தால் சென்சார் நன்றாகவே இருக்கிறது. 80க்குக் கீழே என்றால் இடத்தை மாற்றி மறுபடி நடங்கள்.

இனி இரண்டாவது நோய்: போன் எண்ணியதை ஆப் எடுத்துக்கொள்ளாமல் விடுவது. ஆண்ட்ராய்டு போன்களில்தான் இது அதிகம், காரணமும் சுவையானது. போனுக்குள் இருக்கும் ஸ்டெப் கவுன்டர் "இன்றைக்கு எத்தனை" என்று எண்ணுவதில்லை. போனைக் கடைசியாக ஆன் செய்ததிலிருந்து மொத்தம் எத்தனை என்று ஆட்டோ மீட்டர் போல ஓடிக்கொண்டிருக்கும். கழித்துப் பார்ப்பது ஆப்பின் வேலை. காலை ஆறு மணிக்கு மீட்டர் 41,200, நடந்து வந்த பிறகு 49,300 என்றால் வித்தியாசம் 8,100. இப்போது நடுவில் பேட்டரி சேவர் அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிட்டது என்று வையுங்கள். நடந்து வந்து ஆப்பைத் திறக்காமல் போனை ஆஃப் செய்து ஆன் செய்கிறீர்கள். மீட்டர் பூஜ்யத்துக்குப் போய்விடும். 49,300 என்ற எண்ணை ஆப் பார்க்கவே இல்லை. அந்த 8,100 ஸ்டெப் போனது போனதுதான், வாடிக்கையாளர் சேவைக்கு எத்தனை மெயில் போட்டாலும் திரும்பாது. ஆகவே நடை முடிந்ததும் ஒரு முறை ஆப்பைத் திறந்து எண் ஏறும்வரை காத்திருங்கள். சார்ஜ் தீரப்போகிறது என்றால் கண்டிப்பாக.

செட்டிங்கில் பார்க்க வேண்டியவை இவை. ஆண்ட்ராய்டு 10 முதல் ஸ்டெப் எண்ணுவதற்கு "உடல் செயல்பாடு" என்ற தனி அனுமதி வேண்டும். இறக்கும்போது அவசரத்தில் "வேண்டாம்" தட்டியிருந்தால் ஆப் சும்மா உட்கார்ந்திருக்கும். அடுத்தது பேட்டரி. ஷாவ்மியில் ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்து, பேட்டரி சேவரில் அந்த ஆப்புக்கு மட்டும் "கட்டுப்பாடு இல்லை" என்று வைக்க வேண்டும். சாம்சங்கில் தூங்கும் ஆப்கள் பட்டியலிலிருந்து எடுத்து, "எப்போதும் தூங்காத ஆப்கள்" பட்டியலில் சேர்க்க வேண்டும். ஓப்போ, விவோ, ரியல்மியில் தானாகத் தொடங்குவதற்கும் பின்னணியில் இயங்குவதற்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கும். ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்றை விடுகிறவர்களே அதிகம். பெரிய அப்டேட் வந்த பிறகு இந்தச் செட்டிங்குகள் சில சமயம் பழையபடி மாறிவிடும். "நேத்து வரைக்கும் ஒழுங்காத்தான் எண்ணிச்சு" என்ற புகாருக்குப் பெரும்பாலும் விடை இதுதான்.

சில ஆப்கள் சென்சாரை நேராகப் படிக்காமல் ஹெல்த் கனெக்ட் வழியாக வாங்கிக்கொள்ளும். உடல்நலக் கணக்கை ஆப்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் பொது இடம் அது. ஆண்ட்ராய்டு 14 முதல் போனிலேயே இருக்கிறது. செட்டிங்ஸ் தேடலில் பெயரை அடித்தால் வரும். அங்கே இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும். கடிகாரத்தின் ஆப்புக்கு எழுதும் அனுமதி, காயின் ஆப்புக்குப் படிக்கும் அனுமதி. ஒன்று மூடியிருந்தாலும் தண்ணீர் வராது. ஐபோன்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அசைவைக் கணக்கெடுக்கும் சிப் கடந்த ஏழு நாள் ஸ்டெப்பைத் தானே சேமித்து வைத்திருக்கும், பிறகு திறந்தாலும் ஆப் எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் அன்றன்றைக்கே எடுத்தால்தான் காயின் என்று ஆப்பே விதி வைத்திருந்தால் அதற்கு ஐபோன் என்ன செய்யும்?

சரி, ஸ்டெப் ஒழுங்காக ஏறிவிட்டது. காயினுக்கு என்ன மதிப்பு? அதற்கு, காசை யார் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்தி 365 ஆப்பில் 150 ஹெல்த்பாயின்ட் ஒரு வெள்ளி, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலர். புள்ளிகளைப் பேரங்காடி வவுச்சராக மாற்றிக்கொள்ளலாம். காசு போடுவது அரசு; மக்கள் நோயாளியாகாமல் இருந்தால் செலவு மிச்சம் என்பது அதன் கணக்கு. ஸ்வெட்காயின் லண்டனில் தொடங்கிய தனியார் ஆப். அது புகழ்பெற்றபோது ஆயிரம் ஸ்டெப்புக்கு 0.95 காயின் தந்தது, மீதி ஐந்து சதவீதம் அதன் கமிஷன். நாளுக்குப் பத்தாயிரம் ஸ்டெப் நடந்தால் மாதம் 285 காயின். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆப்பின் சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது தள்ளுபடி கூப்பன், சந்தாவின் இலவச மாதம் இப்படி. அதற்குப் பணம் போடுவது புது வாடிக்கையாளர் தேடும் விளம்பரதாரர். அந்த ஆப் பயன்படுத்தியவர்களின் நடை ஆறு மாதத்தில் ஏறக்குறைய 20% கூடியதாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது. எழுதியவர்கள் பட்டியலில் நிறுவனத்தைத் தொடங்கியவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முன்பணம் கேட்கும் ஆப்களிடம் எட்டியே நில்லுங்கள். ஸ்டெப்என் என்ற ஆப்பில் நடப்பதற்கு முன் டிஜிட்டல் ஷூ ஒன்றை விலைகொடுத்து வாங்க வேண்டும். அதில் நடந்து சேர்க்கும் டோக்கன் ஒரு கிரிப்டோ நாணயம்; அதன் பெயர் ஜிஎஸ்டி, நம்மூர் வரி அல்ல. 2022 ஏப்ரல் இறுதியில் எட்டு டாலரைத் தாண்டிய அந்த டோக்கன், அந்த ஆண்டு முடிவதற்குள் சில சென்ட்டுக்கு வந்தது. புதிதாக ஷூ வாங்குகிறவர்களின் பணம்தான் ஏற்கெனவே நடப்பவர்களின் வருமானம். வாங்குகிறவர் குறைந்த அன்றே கதை முடிந்தது. இந்தியாவில் இத்தகைய டோக்கனை விற்று வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30% வரி என்பதையும் பலர் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் பேக்ட் என்ற ஆப் வேறு வழியில் போனது: உடற்பயிற்சியைத் தவறவிட்டால் உங்கள் கார்டிலிருந்து பணம் போகும், செய்தவர்களுக்கு அதில் பங்கு. செய்து முடித்தவர்களிடமும் பணம் பிடித்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுக்க, 2017இல் 9,48,788 டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

அரசு பணம் போட்டாலும் நிரந்தரம் இல்லை. கனடாவின் கேரட் ரிவார்ட்ஸ் ஆப்பில் பத்து லட்சத்துக்கு மேல் பயனர்கள் இருந்தும், நிதி நின்றதும் 2019 ஜூனில் கடையை மூடினார்கள். புள்ளியைச் சேர்த்துச் சேர்த்து வைக்காதீர்கள். மாற்றக்கூடிய அளவு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது தங்கள் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் வகுத்த வழிகாட்டுதல்படி, உடலைப் பேணுகிறவர்களுக்குப் பிரீமியம் சலுகை போன்றவற்றை நிறுவனங்கள் தரலாம். சில பாலிசிகளில் தினசரி ஸ்டெப் கணக்கு உண்டு. காயின் ஆப்பில் ஒரு வருடம் நடந்து கிடைக்கும் கூப்பனைவிடப் பிரீமியத்தில் குறையும் ரூபாய் பெரிது. ஆனால் நிறுவனத்தின் ஆப்பை இணைத்த நாளிலிருந்துதான் கணக்கு. பாலிசி புதுப்பிக்கும் வாரத்தில் இணைத்துப் பயனில்லை.

"இலவச இயர்பட்ஸ், டெலிவரி கட்டணம் மட்டும்" என்று வந்தால் அதே பொருளின் விலையைக் கடையில் பாருங்கள். டெலிவரி கட்டணத்திலேயே பொருளின் விலை அடங்கியிருக்கும். "முதல் மாதம் இலவசம்" கூப்பனுக்குக் கார்டோ யுபிஐ ஆட்டோபேயோ கேட்டால், ஒப்புதல் கொடுத்த அன்றே யுபிஐ ஆப்பில் போய் அந்த ஆட்டோபேயை ரத்து செய்யும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காயினைப் பணமாக்க "முதலில் ஐநூறு ரூபாய் கட்டுங்கள்" என்றாலோ, பணம் பெற யுபிஐ பின் போடச் சொன்னாலோ அது திருட்டு. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை.

இலக்கு விஷயத்தில் ஆப் சொல்லும் பத்தாயிரத்துக்குப் பயப்பட வேண்டாம். 1965இல் ஜப்பானில் யமாசா நிறுவனம் விற்ற மான்போ-கே என்ற கருவியின் பெயருக்கு "பத்தாயிரம் அடி மீட்டர்" என்று பொருள். அந்த எண் அங்கிருந்துதான் பரவியது. வயதான பெண்களைப் பற்றி 2019இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில் 7,500 அளவிலேயே பலன் கூடுவது நின்றுவிட்டது. முதல் வாரம் எதையும் மாற்றாமல் நடந்து சராசரியைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் ஆயிரம் வைத்துத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு நூறு ஸ்டெப் என்பது ஓரளவு வேகமான நடை, ஆயிரத்துக்குப் பத்து நிமிடம் போதும். நாளுக்கு உச்சவரம்பு இருக்கும் ஆப்பில் அதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை நடப்பதைக் காயின் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள். போனை ஆட்டும் தொட்டில் கருவி வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: இடம் மாறாமல், வேகம் மாறாமல், இரண்டு மணி நேரம் ஒரே சீராக விழும் ஸ்டெப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. சேர்த்த காயினோடு கணக்கும் போகும்.

ஆப் வேண்டாம் என்று முடிவெடுத்தால் போனிலிருந்து நீக்குவதோடு நிறுத்தாதீர்கள். முதலில் புள்ளிகளை மாற்றுங்கள், ஆட்டோபேயை ரத்து செய்யுங்கள், ஆப்பின் உள்ளே போய்க் கணக்கை அழிக்கச் சொல்லுங்கள், ஹெல்த் கனெக்டில் அதன் அனுமதியை எடுங்கள். ஐகானை நீக்குவது அதற்குப் பிறகு.